வரைபடம் முதலா, கள ஆய்வு முதலா? அனுமதிக்கு முந்தைய சுற்றுச்சூழல் ஆய்வுகள் பற்றி

திட்டமேசை:

எல்லோருக்கும் வணக்கம். ஒரு காற்றாலைத் திட்டத்தின் திட்டமிடல் பிரிவில் வேலை பார்க்கிறேன். காற்று வேக அளவீடு முடிந்து, கோபுரங்கள் நிற்கும் இடங்கள், அணுகுசாலை, மின்கம்பித் தடம் எல்லாம் வரைபடத்தில் ஏறிவிட்டன. இடம் நீளமான ஒரு மேட்டுநிலம். ஒரு பக்கச் சரிவில் ஓடை, அதன் அடியில் தாழ்வான புல்வெளி. மழைக்காலத்தில் அங்கே தண்ணீர் நிற்கும் என்கிறார்கள். நாங்கள் போனபோது காய்ந்துதான் கிடந்தது. அணுகுசாலை அந்தப் புல்வெளியைக் குறுக்காகக் கடக்கிறது.

சுற்றுச்சூழல் கள ஆய்வுக்கு இரண்டு ஆலோசகர்களிடம் கேட்டோம். ஒருவர் ஆறு வாரத்தில் கள வேலையை முடித்து அறிக்கையைக் கையில் கொடுப்பதாகச் சொல்கிறார். இன்னொருவர் குறைந்தது ஒரு முழு வருடம் வேண்டும், பறவைகளுக்கு இரண்டு வருடம் இருந்தால் நல்லது என்கிறார். நிர்வாகத்துக்கு முதல் பதில் பிடித்துவிட்டது. எனக்கு மனசு ஒப்பவில்லை, ஆனால் எதிர்த்துப் பேசக் காரணம் கையில் இல்லை. இந்த ஒரு வருடம் உண்மையிலேயே தேவையா? எதைச் சுருக்கலாம், எதில் கை வைக்கவே கூடாது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

வேர்க்கால்:

நான் தாவர ஆய்வு செய்பவள். ஆறு வாரம் என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது, எந்த ஆறு வாரம் என்றுதான்.

கிழங்கிலிருந்து முளைக்கும் செடிகளும் தரையில் வளரும் ஆர்க்கிட்களும் வருடத்தின் பெரும்பகுதியை மண்ணுக்குள்ளேயே கழிக்கின்றன. மேலே ஒரு இலைகூட இருக்காது. புற்களைக் கதிர் இல்லாமல் இனம் பிரிப்பது பழகிய கண்ணுக்கே கடினம். தவளைகளில் பல இனங்கள் நல்ல மழைக்குப் பிறகு சில இரவுகள் மட்டும் குரல் கொடுத்துவிட்டு அடங்கிவிடும். வலசைப் பறவைகள் வரும்போது ஒரு வழி, திரும்பும்போது வேறு வழி என்று போகக்கூடும். ஆக, ஆறு வாரத்தில் உங்களுக்குக் கிடைப்பது அந்த ஆறு வாரத்தின் படம் மட்டும்தான்.

இங்கிலாந்தில் கொண்டை நியூட் என்ற இருவாழ்விக்கு என்ன செய்கிறார்கள் பாருங்கள். அது சட்டப் பாதுகாப்பு உள்ள விலங்கு. குளத்து நீரில் அதன் டிஎன்ஏ இருக்கிறதா என்று சோதிக்கும் முறையை அங்கே ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். குளத்தைச் சுற்றி 20 இடங்களில் நீர் எடுத்துக் கலக்க வேண்டும். அதுவும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 30 வரை மட்டும். ஜூலையில் எடுத்த நீரில் ஒன்றும் இல்லை என்று வந்தால் அதை யாரும் ஏற்க மாட்டார்கள். அந்த வாரங்களைத் தவறவிட்டால் அடுத்த வருடம்தான். எவ்வளவு பணம் கொடுத்தாலும் பருவத்தை முன்கூட்டி வரவழைக்க முடியாது.

உங்கள் நிர்வாகத்திடம் இதை முதலில் சொல்லுங்கள். திட்ட அட்டவணையில் மற்ற எல்லா வேலையையும் ஆள் சேர்த்து வேகப்படுத்தலாம். இதை மட்டும் முடியாது.

தளமேலாளர்:

வேர்க்கால் மேடம் சொல்வதில் தவறில்லை. ஆனால் மறுபக்கமும் ஒன்று இருக்கிறது. நான் கட்டுமானத் தரப்பில் இருப்பவன். எனக்கு வந்து சேரும் அறிக்கைகள் நூற்றுக்கணக்கான பக்கங்கள். அதில் பாதி, அந்த வட்டாரத்தில் எங்கும் காணக்கூடிய செடிகள், பறவைகளின் பட்டியல். காக்கை இருக்கிறது, மைனா இருக்கிறது என்று தெரிந்து நான் சாலையை எங்கே போடுவது? எல்லாவற்றையும் நான்கு பருவமும் ஆராய்வோம் என்று கிளம்பினால் செலவுதான் ஏறும், முடிவு ஒன்றும் மாறாது.

எந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தால் வடிவமைப்பு மாறுமோ, அந்தக் கேள்விக்குத்தான் களத்துக்குப் போக வேண்டும். மற்றவற்றுக்கு ஏற்கெனவே உள்ள பதிவுகளும் ஒரு நல்ல நடை ஆய்வும் போதும்.

கோப்பறை:

அனுமதி வழங்கும் தரப்பில் நெடுங்காலம் அறிக்கைகளைப் படித்து ஓய்வு பெற்றவன் நான். தளமேலாளர் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். அதற்குத்தான் எல்லை வரையறை என்ற கட்டமே இருக்கிறது. எந்தத் தாக்கங்கள் முக்கியம், எந்த உயிரினம், எந்த நீர்நிலை, எவ்வளவு தூரம், எந்தப் பருவம் என்று அனுமதி அதிகாரியோடும் உள்ளூர் மக்களோடும் பேசி எழுத்தில் வைத்துக்கொள்வது. ஆனால் நடைமுறையில் பலர் அதைச் சடங்காகத்தான் முடிக்கிறார்கள். அங்கே சரியாக உழைத்தால் அறிக்கை பாதியாகும், ஆய்வு இரட்டிப்பு ஆழமாகும்.

நான் ஒரு அறிக்கையைப் பிரித்ததும் உயிரினப் பட்டியலுக்குப் போக மாட்டேன். முறை பற்றிய அத்தியாயத்துக்குத்தான் போவேன். யார் போனார்கள், எந்தத் தேதி, எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடித்தார்கள், வானிலை எப்படி, எந்தத் தடத்தில் நடந்தார்கள், எந்தப் பகுதிக்குள் நுழைய முடியவில்லை. இவை இருந்தால் அந்த அறிக்கையோடு என்னால் பேச முடியும். இவை இல்லாமல் 'அரிய இனங்கள் ஏதும் காணப்படவில்லை' என்று ஒரு வரி மட்டும் இருந்தால், அவர்கள் தேடினார்களா என்பதே எனக்குத் தெரியாது. நுழைய முடியாத பகுதியை மறைக்காமல் வரைபடத்தில் காட்டியவர்களை நான் எப்போதும் கூடுதலாக நம்பினேன்.

எண்கணக்கு:

கோப்பறை ஐயா சொன்ன 'காணப்படவில்லை' என்ற சொல்லைக் கணக்கில் போட்டுக் காட்டுகிறேன்.

ஒரு பறவை அந்த இடத்தில் நிச்சயம் வாழ்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு முறை போனால் அது கண்ணில் படும் வாய்ப்பு 30 சதவீதம். கூச்ச சுபாவமுள்ள பல இனங்களுக்கு இதுவே அதிகம். அப்படியென்றால் ஒரு முறை போய் அதைத் தவறவிடும் வாய்ப்பு 0.7. மூன்று முறை போனால் 0.7 × 0.7 × 0.7, அதாவது 0.343. மூன்று முறை போயும் இருக்கும் பறவையை இல்லை என்று எழுதும் வாய்ப்பு மூன்றில் ஒன்றுக்கும் மேல். தவறவிடும் வாய்ப்பை 5 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவர வேண்டுமென்றால் 9 முறை போக வேண்டும். 8 முறை போனாலும் 5.8 சதவீதத்தில் நிற்கும்.

உயிரினக் கணக்கெடுப்புப் புள்ளியியல் ஆய்வாளர் மெக்கென்சியும் உடன் ஆய்வாளர்களும் 2002இல் வெளியிட்ட முறை இதைத்தான் ஒழுங்குபடுத்தியது. ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போய், கண்டோமா இல்லையா என்ற பதிவுகளிலிருந்தே கண்டறியும் வாய்ப்பையும் உண்மையில் அந்த இனம் அங்கே இருக்கும் வாய்ப்பையும் தனித்தனியாக மதிப்பிடலாம். ஆலோசகரிடம் நீங்கள் கேட்க வேண்டியது, 'எத்தனை நாள்' என்பதல்ல. 'இத்தனை முறை போனால், இருப்பதைத் தவறவிடும் வாய்ப்பு எவ்வளவு' என்று கேளுங்கள். பதில் சொல்லத் திணறினால் அங்கேயே புரிந்துவிடும்.

நீர்மட்டம்:

திட்டமேசை, உங்கள் பதிவில் எனக்குக் கண்ணில் உறுத்தியது அந்தப் புல்வெளிதான். காய்ந்து கிடந்தது என்பதால் அது ஈரநிலம் இல்லை என்று ஆகிவிடாது.

ஒரு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போங்கள். முழங்கால் ஆழத்துக்குக் குழி வெட்டி, ஒரு பக்கச் சுவரைக் கத்தியால் சீவிச் சுத்தமாக்குங்கள். மண் சாம்பல் நிறமாக, அதற்குள் பழைய வேர் போன வழிகளை ஒட்டித் துருப்பிடித்த மாதிரி ஆரஞ்சுப் புள்ளிகளும் கோடுகளும் தெரிகிறதா என்று பாருங்கள். நீண்ட நாள் நீர் தேங்கினால் மண்ணில் ஆக்சிஜன் தீர்ந்துபோகும். அப்போது இரும்பு கரைந்து நகர்ந்துவிடும், மண் வெளிறிச் சாம்பலாகும். வேர் வழியாகக் கொஞ்சம் காற்று இறங்கும் இடத்தில் மட்டும் அதே இரும்பு மறுபடி துருவாகப் படியும். தண்ணீர் வற்றி மாதங்கள் ஆனாலும் அந்த அடையாளம் அழியாது. நிறத்தை வாய்க்கு வந்தபடி எழுதாமல் மண் நிறங்களுக்குக் குறியீட்டு எண் கொடுத்திருக்கும் மன்செல் வண்ண அட்டையோடு வைத்து ஒப்பிட்டு எண்ணாகக் குறியுங்கள். மண் ஈரமாக இருக்கும்போது, நல்ல வெயில் வெளிச்சத்தில் ஒப்பிட வேண்டும்.

அமெரிக்க ராணுவப் பொறியாளர் படையின் 1987ஆம் ஆண்டுக் கையேடு ஈரநிலத்தை நிர்ணயிக்க மூன்று சான்றுகளைப் பார்க்கச் சொல்கிறது: நீர் விரும்பும் தாவரங்கள், நீர் தேங்கி உருவான மண், நீர் நின்றதற்கான தடயம். அங்கே பொதுவாக மூன்றும் தேவை. மற்ற நாடுகளின் சட்ட வரையறை வேறாக இருக்கலாம், ஆனால் இந்த மூன்று கண்ணோடு பார்த்தால் எங்கேயும் தப்பாது.

அப்புறம் நிலத்தடி நீர். கோபுர அடித்தளம் ஆழமாகத் தோண்டப்படும். ஓடைக்கு எங்கிருந்து தண்ணீர் வருகிறது என்று தெரியாமல் தோண்டக் கூடாது. ஒரே ஒரு கிணற்றில் மட்டத்தை அளந்துவிட்டு நீர் இந்தப் பக்கம் ஓடுகிறது என்று எழுதும் அறிக்கைகள் வருகின்றன. ஓட்டத்தின் திசை தெரிய, ஒரே கோட்டில் அமையாத மூன்று கிணறுகளாவது வேண்டும். மூன்று மட்டங்களும் ஒரே நாளில் அளக்கப்பட வேண்டும், கிணற்று வாயின் உயரமும் துல்லியமாகத் தெரிந்திருக்க வேண்டும். மாதிரி எடுப்பதற்கு முன் மட்டத்தை அளந்துவிடுங்கள். பிறகு தேங்கிய நீரை இறைத்து, வெப்பநிலை, பிஹெச், மின்கடத்துத்திறன் மூன்றும் நிலைபெற்ற பிறகு பாட்டிலைப் பிடியுங்கள்.

புதுக்களம்:

வணக்கம். நான் சுற்றுச்சூழல் அறிவியல் படித்துவிட்டு இப்போதுதான் கள உதவியாளராகச் சேர்ந்திருக்கிறேன். நீர்மட்டம் சார், ஓடை நீரில் கரைந்த ஆக்சிஜனை எந்த நேரத்தில் அளப்பது சரி? எங்களுக்குக் கொடுத்த படிவத்தில் நேரம் எழுத இடமே இல்லை.

நீர்மட்டம்:

நல்ல கேள்வி, தம்பி. படிவத்தில் இடமில்லை என்றால் ஓரத்தில் எழுதுங்கள், கட்டாயம் எழுதுங்கள்.

பாசி மண்டிய தேங்குநீரில் பகல் முழுக்க ஒளிச்சேர்க்கை நடக்கிறது. பிற்பகலில் ஆக்சிஜன் உச்சத்தில் இருக்கும். இரவில் பாசியும் மீனும் நுண்ணுயிரும் எல்லாமே ஆக்சிஜனை எடுத்துக்கொண்டே இருக்கின்றன. விடியலுக்குச் சற்று முன் மிகக் குறைவாக இருக்கும். மீன் சாவது அந்த நேரத்தில்தான். மதியம் இரண்டு மணிக்குப் போய் அளந்து 'நீர் ஆரோக்கியமாக உள்ளது' என்று எழுதினால், எண் சரியாகவே இருந்தாலும் முடிவு தவறு. முடிந்தால் பதிவுக் கருவியை ஒரு முழு நாளாவது நீருக்குள் விட்டு வையுங்கள். முடியாவிட்டால் விடியலுக்கு முன் ஒரு முறை, பிற்பகலில் ஒரு முறை.

இன்னும் சில விஷயங்கள். கரைந்த ஆக்சிஜன், பிஹெச், வெப்பநிலை மூன்றையும் களத்திலேயே அளந்துவிட வேண்டும், ஆய்வகத்துக்குப் போவதற்குள் மாறிவிடும். உலோகங்களுக்கான மாதிரியில் நைட்ரிக் அமிலம் சேர்த்து பிஹெச் 2க்குக் கீழே கொண்டுவர வேண்டும். இல்லாவிட்டால் உலோகம் பாட்டில் சுவரில் ஒட்டிக்கொள்ளும், ஆய்வக எண் குறைவாக வரும். கரைந்த உலோகம் மட்டும் வேண்டுமென்றால் அமிலம் சேர்க்கும் முன் வடிகட்டுங்கள். பாட்டில் கைமாறும் ஒவ்வொரு முறையும் படிவத்தில் கையெழுத்தும் நேரமும் விழ வேண்டும். வழக்கு என்று வந்தால் முதலில் கேட்பது அந்தப் படிவத்தைத்தான்.

வேர்க்கால்:

தம்பிக்கு நானும் ஒன்று சொல்கிறேன். பூச்சி, நீர்வாழ் சிற்றுயிர்களை எத்தனாலில் போடும்போது லேபிளைப் பென்சிலால் எழுதி பாட்டிலுக்கு உள்ளே போடு. பேனா மை எத்தனாலில் கரைந்துவிடும். வெளியே ஒட்டிய லேபிள் உரிந்துவிடும். இடம் தெரியாத மாதிரி எவ்வளவு அரிதானாலும் ஒரு பயனும் இல்லை.

ஜிபிஎஸ் கருவியில் எந்த ஆயத்தளம் (அட்சரேகை, தீர்க்கரேகையைக் கணக்கிடும் அடிப்படை, ஆங்கிலத்தில் datum) வைத்திருக்கிறது என்பதையும் குறித்துவை. பழைய வரைபடங்கள் வேறு ஆயத்தளத்தில் இருக்கும். கவனிக்காமல் ஒன்றன்மேல் ஒன்றை வைத்தால் புள்ளிகள் நூறு மீட்டருக்கும் மேல் தள்ளிப்போகலாம். ஓடைக்கு இந்தக் கரையில் கண்ட செடி வரைபடத்தில் அந்தக் கரையில் போய் நிற்கும்.

இரவுப்பணி:

காற்றாலை என்பதால் நான் பேசியே ஆக வேண்டும். வவ்வால், பறவை ஆய்வு என் தொழில்.

கலிபோர்னியாவின் ஆல்டமான்ட் கணவாயில் 1980களில் ஆயிரக்கணக்கான காற்றாலைகளை நட்டார்கள். பொன்னிறக் கழுகுகள் தரை அணில்களை வேட்டையாடும் நிலம் அது. கழுகுகள் அடிபட்டுச் சாகத் தொடங்கிய பிறகுதான் ஆய்வுகள் தீவிரமாயின. பல வருடம் வழக்கும் சமரசமும் நடந்தன, பழைய இயந்திரங்களைக் கழற்றிக் குறைந்த எண்ணிக்கையில் பெரியவற்றை, இடம் பார்த்து நட வேண்டியிருந்தது. கோபுரம் எந்த விளிம்பில் நிற்கிறது, பக்கத்தில் சரிவு எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்தே கழுகுக்கான ஆபத்து மிகவும் மாறுகிறது. அதை நடுவதற்கு முன் வரைபடத்தில் மாற்றுவது ஒரு மாலை நேர வேலை. நட்ட பிறகு?

ஸ்காட்லாந்து வழிகாட்டுதலில் கடற்காற்றாலை அல்லாத திட்டங்களுக்கு, பறவைகள் பறக்கும் உயரத்தையும் தடத்தையும் பதிவு செய்ய ஒவ்வொரு நோக்கிடத்திலும் பருவத்துக்குக் குறைந்தது 36 மணி நேரம் உட்காரச் சொல்கிறார்கள். பொதுவாக இரண்டு வருடம். உங்கள் இரண்டாவது ஆலோசகர் 'இரண்டு வருடம்' என்றது வானத்திலிருந்து குதித்த எண் இல்லை. ஒரு வருடம் மழை பொய்த்தால் இரை குறையும், கழுகுகளே வேறு பக்கம் போய்விடும். அந்த ஒரே வருடத்தை வைத்து முடிவெடுத்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

வவ்வால்களுக்குத் தரையில் வைக்கும் ஒலிப்பதிவுக் கருவி மட்டும் போதாது. உங்களிடம் காற்று அளவிடும் கோபுரம் ஏற்கெனவே நிற்கிறது. அதிலேயே இறக்கை சுழலும் உயரத்தில் ஒரு ஒலிவாங்கியை இப்போதே கட்டிவிடுங்கள். எத்தனையோ திட்டங்களில் அந்தக் கோபுரத்தைக் கழற்றிய பிறகுதான் எங்களைக் கூப்பிடுகிறார்கள். வவ்வால்கள் பெரும்பாலும் காற்று மெதுவாக வீசும் இரவுகளில்தான் சுறுசுறுப்பாக இருக்கும். அந்த நேரத்தில் இயந்திரம் சுழலத் தொடங்கும் காற்று வேகத்தைச் சற்று உயர்த்தி வைத்தால் வவ்வால் சாவு பாதியளவோ அதற்கு மேலோ குறைந்ததாகப் பல கள ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எந்த மாதம், எந்த மணி, எந்த வேகம் என்று உங்கள் இடத்துத் தரவு இருந்தால் அந்த நேரத்துக்கு மட்டும் நிறுத்தலாம். தரவு இல்லாவிட்டால் அதிகாரி பாதுகாப்புக்காக நீண்ட காலத்துக்கு நிறுத்தச் சொல்வார். மின் உற்பத்தியில் அது எவ்வளவு என்று உங்கள் நிதிப் பிரிவே கணக்குப் போட்டுவிடும்.

தளமேலாளர்:

இரவுப்பணி, இதுதான் நான் எதிர்பார்த்த பேச்சு. ஆய்வு முடிவு நேராக இயக்க நேரத்தில் வந்து நிற்கிறது. இப்படிச் சொன்னால் எந்த நிர்வாகமும் காது கொடுக்கும்.

ஆனால் ஒரு கேள்வி. எத்தனை பறவை சாகிறது என்று கட்டிய பிறகு தேடிப் பார்க்கலாமே? கோபுரத்தடியில் நடந்து எண்ணினால் தெரிந்துவிடும். முன்கூட்டியே இரண்டு வருடம் வானத்தைப் பார்த்து உட்கார வேண்டுமா?

இரவுப்பணி:

கட்டிய பிறகும் தேட வேண்டும், அது தனி வேலை. ஆனால் அங்கே எண்ணியதை அப்படியே எழுத முடியாது.

ஒரு கோபுரத்தடியில் 6 உடல்கள் கிடைத்தன என்று வையுங்கள். தேடுபவர் கண்ணில் எவ்வளவு படுகிறது என்று சோதிக்க, அவருக்குத் தெரியாமல் சில உடல்களைப் புல்லில் வைத்துப் பார்ப்போம். பாதியைத்தான் கண்டுபிடித்தார் என்றால் 0.5. நரியும் காகமும் எடுத்துப்போகும் வேகத்தைத் தனியாகச் சோதிப்போம். அடுத்த தேடல் வரை உடல் அங்கேயே கிடக்கும் வாய்ப்பு 0.4 என்றால், 6ஐ 0.5 × 0.4 ஆல் வகுக்க வேண்டும். 30 வருகிறது. புதர் அடர்ந்து தேடவே முடியாத பரப்பு இருந்தால் இன்னும் கூடும்.

முன் ஆய்வு ஏன் என்றால், கட்டுவதற்கு முந்தைய நிலை தெரியாமல் பிந்தைய எண்ணுக்குப் பொருள் சொல்ல முடியாது. அதுவும் திட்ட இடத்தில் மட்டும் அளந்தால் போதாது. அதே மாதிரி நிலமும் தாவரமும் உள்ள, திட்டம் எட்டாத ஓர் ஒப்பீட்டுத் தளத்தையும் முன்னும் பின்னும் அளக்க வேண்டும். பறவை குறைந்தது காற்றாலையாலா, வறட்சியாலா என்று அப்போதுதான் பிரித்துச் சொல்லலாம். வறட்சியால் குறைந்ததற்கு உங்கள் மேல் பழி விழாமல் காப்பதும் அந்த ஒப்பீட்டுத் தளம்தான்.

கோப்பறை:

ஆய்வு திட்டத்துக்கு எதிரி என்று நினைப்பவர்களிடம் நான் டெல்லிக்கோ அணையின் கதையைத்தான் சொல்வேன்.

அமெரிக்காவில் லிட்டில் டென்னசி ஆற்றில் 1967இல் கட்டுமானம் தொடங்கியது. 1973 ஆகஸ்டில் டேவிட் எட்னியர் என்ற மீனியல் ஆய்வாளர் அதே ஆற்றில் விரல் நீளமே உள்ள ஒரு மீனைக் கண்டார். நத்தைகளைத் தின்னும் மீன் அது, ஸ்நெயில் டார்ட்டர் என்று பெயர். அதே வருடக் கடைசியில் அழியும் இனங்களுக்கான சட்டம் வந்தது. 1975இல் இந்த மீன் அந்தப் பட்டியலில் ஏறியது. 1978இல் உச்ச நீதிமன்றம், ஏறக்குறைய முடிந்திருந்த அணையின் மதகுகளை மூடி நீரைத் தேக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. மறுவருடம் நாடாளுமன்றம் தனி விலக்கு கொடுத்து அணையை நிரப்ப வழி செய்தது. அந்த இடத்து மீன்கள் போயின.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 1980 முதல் அருகிலுள்ள வேறு சில ஆறுகளிலும் அதே மீனைக் கண்டார்கள். வேறு ஆற்றில் கொண்டுபோய் விட்டவையும் பிழைத்தன. 1984இல் ஆபத்தின் அளவு ஒரு படி குறைக்கப்பட்டது. 2022இல் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டது. முதல் கல் வைப்பதற்கு முன்பே அந்த ஆற்றையும் சுற்றியுள்ள ஆறுகளையும் ஒழுங்காக வலை போட்டுப் பார்த்திருந்தால், மீன் எங்கெங்கே இருக்கிறது என்று இரு தரப்புக்கும் தெரிந்திருக்கும்.

தளமேலாளர்:

ஐயா, 1967இல் அப்படி ஆய்வு செய்யச் சொல்லும் சட்டமே இல்லையே. அந்த நாட்டின் தேசிய சுற்றுச்சூழல் கொள்கைச் சட்டம் 1970 ஜனவரி 1 அன்றுதான் கையெழுத்தானது. கட்டியவர்களைக் குறை சொல்ல முடியுமா?

கோப்பறை:

சரியாகச் சொன்னீர்கள், அவர்களைக் குறை சொல்லவில்லை. அவர்களிடம் அந்தக் கருவி இல்லை. நம்மிடம் இருக்கிறது. 1992 ரியோ பிரகடனத்தின் 17ஆவது கொள்கையே தாக்க மதிப்பீட்டை நாடுகளின் கடமையாகச் சொல்லிவிட்டது. இன்றைக்கு ஒருவர் ஆறு வார ஆய்வோடு வந்து நின்றால், 1967இன் நிலையைத் தானே தேர்ந்தெடுக்கிறார் என்றுதான் பொருள்.

மேய்ச்சல்வழி:

இவ்வளவு பேசினோம், அந்த நிலத்தில் நடமாடும் மக்களைப் பற்றி யாரும் சொல்லவில்லை. திட்டமேசை, 'மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கும் என்று சொல்கிறார்கள்' என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். யார் சொன்னார்கள்? அவர்களைத் திரும்பப் போய்ப் பாருங்கள். எந்த மாதம் நிற்கும், எந்த அளவு, எந்தப் பறவை இறங்கும், கடைசியாக எப்போது நிரம்பியது என்று வரைபடத்தை விரித்து வைத்துக் கேளுங்கள். ஆண்களிடம் தனியாக, பெண்களிடம் தனியாகக் கேளுங்கள். விறகும் தண்ணீரும் தேடிப் போகிறவர்களுக்குத் தெரிந்த பாதை வேறு.

சமூக ஆய்வுக்கும் பருவம் உண்டு. மந்தையோடு இடம்பெயர்கிறவர்கள் வருடத்தில் சில மாதம்தான் அந்த மேட்டில் இருப்பார்கள். அவர்கள் இல்லாத மாதத்தில் கணக்கெடுத்து 'பயன்பாட்டில் இல்லாத நிலம்' என்று எழுதிவிட்டால், கட்டுமானம் நடுவில் மந்தை வந்து நிற்கும். பத்திரத்தில் பெயர் இல்லாததால் அவர்கள் உரிமை இல்லாதவர்கள் ஆகிவிட மாட்டார்கள்.

பழைய புதைகுழி, வழிபாட்டு இடம் போன்றவையும் இவர்கள் வாயிலிருந்துதான் முதலில் வரும். தொல்லியல் ஆளை நடை ஆய்வுக்கே கூட்டிப் போங்கள்.

திட்டமேசை:

எல்லோருக்கும் நன்றி. பதில்களை அச்சடித்து நிர்வாகக் கூட்டத்துக்கு எடுத்துப்போனேன். எண்கணக்கு சொன்ன 0.343 அங்கே நன்றாக வேலை செய்தது. இரவுப்பணி சொன்ன இயக்க நேரக் கணக்கு அதைவிட நன்றாக வேலை செய்தது.

நடந்ததைச் சொல்கிறேன். நீர்மட்டம் சொன்னபடி புல்வெளியில் குழி வெட்டினோம். சாம்பல் மண், வேர் வழியெல்லாம் துரு. மேய்ப்பவர் ஒருவரிடம் கேட்டதில், நல்ல மழை வருடத்தில் அங்கே மூன்று மாதத்துக்கு மேல் தண்ணீர் நிற்கும் என்றார். சாலை வரும் இடத்தைக் காட்டி, வாத்துகள் முட்டையிடுவது அங்கேதான் என்றார். சாலையை மேட்டின் தோள்பட்டை வழியாகக் கொண்டுபோக முடியுமா என்று இப்போது பார்க்கிறோம். கொஞ்சம் நீளும். ஆனால் ஈர மண்ணில் சாலைக்கு அடித்தளம் போடும் செலவும் மிச்சம் என்று எங்கள் பொறியாளரே சொல்லிவிட்டார். கோபுர இடங்கள் 'முடிவு' என்ற நிலையிலிருந்து 'உத்தேசம்' என்று மாறியிருக்கின்றன. காற்று அளவீட்டுக் கோபுரத்தில் ஒலிவாங்கி கட்ட ஒப்புதல் வாங்கிவிட்டேன்.

கடைசியாக ஒன்று. இப்போது தொடங்கும் ஆய்வு முடிந்து, நிதி ஏற்பாடு தாமதமானால், தரவு எவ்வளவு காலம் செல்லும்?

கோப்பறை:

நாட்டுக்கு நாடு விதி வேறு, உங்கள் அனுமதி அலுவலகத்தில் எல்லை வரையறைக் கூட்டத்திலேயே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பிரிட்டனின் சூழலியலாளர் நிறுவனம் 2019இல் வெளியிட்ட அறிவுரை ஓர் அளவுகோலாக உதவும். 12 மாதத்துக்குள் உள்ள ஆய்வு பெரும்பாலும் செல்லும். 18 மாதத்தைத் தாண்டினால் ஒரு சூழலியலாளர் திரும்பப் போய்ப் பார்த்து, எதைப் புதுப்பிக்க வேண்டும் என்று சொல்ல வேண்டும். மூன்று வருடம் தாண்டினால் பெரும்பாலும் புதிதாகத்தான் செய்ய வேண்டியிருக்கும்.

ஆனால் எல்லாத் தரவும் ஒரே வேகத்தில் பழையதாகாது. உங்கள் குழியில் கண்ட மண் நிறம் பத்து வருடத்திலும் அதேதான். கழுகுக் கூடு அடுத்த பருவத்திலேயே இடம் மாறலாம். அதனால் அறிக்கையை மொத்தமாகப் புதுப்பிக்கத் தேவையில்லை. ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் தனித்தனியாக எத்தனை மாதம் என்று இப்போதே போட்டு வையுங்கள்.

வேர்க்கால்:

ஒலிவாங்கியைக் கட்டும் அன்றைக்கே புல்வெளியில் நான்கு மூலையிலும் நிலையான குறிக்கல் நட்டு, அங்கிருந்து ஒரே திசையில் படம் எடுக்கத் தொடங்குங்கள். மாதத்துக்கு ஒன்று, செலவே இல்லை. மழை தொடங்குவதற்கு முன் முதல் படம் கையில் இருக்க வேண்டும்.